மஞ்சள் விழாத தொண்ணூற்றொன்று

திரையில் மூன்று கட்டங்கள் மஞ்சளாயின.

ஏசி அறையின் குளிர், கம்ப்யூட்டருக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் உறையின் புது வாசனை, முதுகுக்குப் பின்னால் மேனேஜரின் மூச்சு. எல்லாம் இன்னும் நினைவிருக்கிறது. 'ஓகே' என்ற பொத்தானை அழுத்தினேன். ஐம்பத்தெட்டு மதிப்பெண்கள் வெள்ளையாக நின்ற பத்தியில் மூன்று மட்டும் நிறம் மாறின.

"அட, அதுவா எடுத்துக் குடுக்குதா?" என்றார் மேனேஜர்.

"ரூல் போட்டுட்டா போதும் சார். மொதல் மூனு இடம் எதுவோ அதுக்கு மட்டும் கலர் வரும்."

"அப்ப நாம கண்ணு வலிக்கப் பாக்க வேண்டியதில்ல. மூனு பேரையும் எழுதிக் குடுங்க, ஆர்டர் அடிச்சுடலாம்."

எழுதிக் கொடுத்தேன். தொண்ணூற்று நான்கு ஒருவர், எண்பத்தொன்பது ஒருவர், எண்பத்தெட்டு ஒருவர். என் கையெழுத்து அன்று வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

போன வாரம் எங்கள் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையைச் சிரிப்பாக எழுதியிருந்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனது, சுட்டெலியைத் தூக்கித் திரையில் வைத்துப் பார்த்த உதவி மேனேஜர் என்று. படித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். அதே அறையில் நடந்த இன்னொன்றை இந்த வாரம் எழுதுகிறேன். இதில் சிரிக்க அதிகம் இல்லை.

சிவப்புப் பென்சில்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் தேதிப் பைத்தியம் தெரியும். இருபது வயதிலிருந்து நாள்குறிப்பு எழுதுகிறேன். பெரம்பலூரில் எங்கள் வீட்டு மாடியில் மழைமானி வைத்திருந்தேன். எந்த நாளில் எத்தனை மில்லிமீட்டர் என்று நோட்டில் குறிப்பேன். ஆண்டு முடிந்ததும், அதிகம் மழை பெய்த பத்து நாட்களைத் தேடிப் பிடித்துச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போய்விடும்.

பழைய பதிவேடுகளைப் படிப்பதும் எனக்குப் பொழுதுபோக்கு. நில அளவைக் குறிப்புகள், ஊர்க் கணக்குகள், யாரும் புரட்டாத அறிக்கைகள். எங்கோ ஓர் எழுத்தர் ஒரு சோம்பலான மத்தியானத்தில் ஒரு எண்ணைப் பிழையாகப் படியெடுத்திருப்பார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அதையே நம்பி எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு மமதை வரும். நானாக இருந்தால் இப்படி விட்டிருப்பேனா என்று நினைத்துக்கொள்வேன்.

இத்தனை தேதி பார்க்கிற நான் இந்த அத்தியாயத்தில் தேதி எதுவும் சொல்லப் போவதில்லை. அரியலூர் தனி மாவட்டமாகி, கொஞ்ச காலம் இருந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்துவிட்ட பிறகு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆலையின் லெட்டர்பேடில் மாவட்டத்தின் பெயரை அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருந்த காலம்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீஸில் எழுத்தராக இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். தினமும் பெரம்பலூரிலிருந்து பஸ். மாலையில் வீடு திரும்பினால் சட்டைக் காலருக்குள் சுண்ணாம்புப் பொடி இருக்கும்.

நாற்பது வயதைத் தாண்டி நான் எக்செல் படிக்கப் போனது, துபாயிலிருந்து திரும்பிய லெப்பைக்குடிகாட்டுக்காரர் ஒருவர் நடத்திய கம்ப்யூட்டர் சென்டருக்கு. ரஹ்மத்துல்லா என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்.

ஒருநாள் நான் மழை நோட்டைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார்.

"செவப்புப் பென்சிலா? இங்க வாங்க சார். இதுக்குப் பேரு கண்டிஷனல் ஃபார்மட்டிங். என்ன வேணும்னு ஒருக்கா சொல்லிடுங்க. அதுக்குப் பொருந்துற கட்டத்துக்கு மட்டும் அதுவே வர்ணம் அடிச்சுக்கும். மழ கூடிச்சுன்னா, நாளைக்கே வேற கட்டத்துக்குத் தாவிடும்."

ஒவ்வோர் எண்ணும் பத்தியில் எத்தனையாவது பெரியது என்று பார்த்து, பத்துக்குள் வந்தால் மஞ்சளாக்கும்படி ஒரு ஃபார்முலா எழுதிக் காட்டினார். என் மழை நாட்கள் பத்தும் ஒரே நொடியில் மஞ்சளாக எழுந்து நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமையை யாரோ எனக்குத் திருப்பித் தந்ததுபோல் இருந்தது.

பத்தி எனக்கு அழகாகத் தெரியவில்லை. எண்கள் எல்லாம் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. அனைத்தையும் நடுவில் நிறுத்தினேன்.

"நடுவுல வைக்காதீங்க சார்," என்றார் ரஹ்மத்துல்லா. "நெம்பர்னா அது தானா வலப்பக்கம் போவும். எழுத்துன்னா எடப்பக்கம் நிக்கும். நடுவுல வச்சிட்டா எது என்னன்னே தெரியாது."

"பாக்க லட்சணமா இருக்கே."

"லட்சணமாத்தான் இருக்கும். உங்க இஷ்டம்."

சாக்குத் தாள் அட்டை

அந்த ஆண்டு ஆலையில் பேக்கிங் பிரிவில் மூன்று நிரந்தர வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். காண்டிராக்டில் மூட்டை தூக்குகிறவர்களிலிருந்தே எடுப்பது என்று முடிவு. எழுத்துத் தேர்வும் மூட்டை நிரப்பும் மெஷினை ஓட்டிக் காட்டும் தேர்வும் சேர்த்து நூறு மதிப்பெண். காண்டிராக்ட் ஆளுக்கும் பர்மனென்ட் ஆளுக்கும் உள்ள தூரம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒருவன் நாளைக்கு வேலை உண்டா என்று கேட் வாசலில் நின்று கேட்க வேண்டும். இன்னொருவன் கேட்க வேண்டியதில்லை.

ஏலாக்குறிச்சிப் பக்கத்து ஆள் ஆரோக்கியசாமி. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பத்தாவது வரை படித்தவர். ஒருநாள் மத்தியானம் கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று கூப்பிட்டார்.

"சார், உள்ள வரலிங்க. கால்ல சிமெண்டு. கணக்குப் புஸ்தகம் எதாச்சும் இருந்தா குடுங்களேன். சதவீதமெல்லாம் மறந்துபோச்சு."

அவர் நின்ற இடத்தில் இரண்டு வெள்ளைப் பாதங்கள் பதிந்திருந்தன. துடைக்கிற அம்மாள் மறுநாள் வரை அதைத் திட்டிக்கொண்டிருந்தார்.

என்னிடமிருந்த பழைய கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் மூட்டை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்து அவர் அதைப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழே நிற்கிறவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

"என்னா ஆரோக்கியம், கலெக்டருக்குப் படிக்கிறியா?"

"ஆமாடா. ஆனதும் மொதல்ல ஒன்னத்தான் மாத்துவேன்."

தேர்வு முடிந்து வெளியே வந்தவர் என் ஜன்னலில் வந்து தட்டினார். "எல்லாத்தையும் எழுதிட்டேன் சார். மெஷினுலயும் ஒரு மூட்ட கூட செதறல." அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கஸ்தூரியின் மோதிர விரல்

கையால் எழுதிய மதிப்பெண் தாள்களைப் பார்த்து அடித்துக் கொடுத்தவர் எங்கள் டைப்பிஸ்ட் கஸ்தூரி. டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியவர். இருபது வருடம் மெஷினில் அடித்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தவர். விசைப்பலகையைக் குனிந்து பார்ப்பது அவருக்கு அவமானம். கண் தாளில் இருக்கும், வாய் என்னைக் கிண்டல் செய்துகொண்டிருக்கும், விரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். ஐம்பத்தெட்டு பேரையும் டோக்கன் எண் வரிசையில் அடித்து முடிக்க அவருக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் போதும்.

அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்பது ஆலையின் வழக்கம். பெரிய மதிப்பெண்ணை மேலே ஏற்றி அடுக்கினால், பின்னால் ஆள் தேடுவது கஷ்டம் என்பார்கள். அதனால்தான் நிறம் பூசும் வித்தையை நான் காட்டினேன். அதற்கு முன் பத்தியை நடுவில் நிறுத்தினேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

நாற்பத்தொன்பது

மூன்று பேருக்கும் ஆர்டர் கொடுத்தாயிற்று. எண்பத்தெட்டு வாங்கிய கோவிந்தராஜ் கற்கண்டும் ஆரஞ்சுமிட்டாயும் கொண்டுவந்து ஒவ்வொரு மேசையாகக் கொடுத்தார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது.

பத்து நாள் கழித்து, கோப்பை மூடுவதற்கு முன் சராசரி மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்க ஆசைப்பட்டேன். யாரும் கேட்கவில்லை. என் நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளத்தான். எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னேன். நாற்பத்தொன்பது என்று வந்தது.

ஐம்பத்தெட்டு பேர் எழுதினார்கள். வரிசையை விரலால் தொட்டு எண்ணினேன். ஐம்பத்தெட்டுதான். மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடி நாற்பத்தொன்பது.

ரஹ்மத்துல்லா சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பத்தியை நடுவில் நிறுத்தியிருந்ததை எடுத்தேன். நாற்பத்தொன்பது எண்கள் வலது ஓரத்துக்குப் போயின. ஒன்பது மட்டும் இடது ஓரத்துக்கு ஒதுங்கின. அறுபத்தொன்று, எழுபத்தொன்று, எண்பத்தொன்று. ஒன்பதிலும் ஒன்று என்ற எண் இருந்தது. கண்ணைத் திரைக்கு அருகில் கொண்டுபோனேன். அது ஒன்று இல்லை. ஆங்கிலச் சின்ன எழுத்து 'எல்'.

கஸ்தூரி பக்கத்து மேசையில் இருந்தார்.

"ஒன்னு எப்படிங்க அடிப்பீங்க?"

"எப்படின்னா? மோதிர விரல்லதான்," என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். "எங்க மெஷினுல ஒன்னு எங்க சார் இருந்துச்சு? ரெண்டுலேர்ந்துதான் ஆரம்பம். ஒன்னுக்கு எல்-தான் அடிக்கணும்னு முதல் மாசமே சொல்லிக் குடுத்துருவாங்க."

"இனிமே மேல் வரிசையில இருக்கிற ஒன்ன அடிங்க."

"பாக்க ஒரே மாதிரிதானே சார் இருக்கு? இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

ஒரே மாதிரிதான் இருந்தது, மனிதக் கண்ணுக்கு. நான் எழுதிய ஃபார்முலா, எழுத்துக்கு எத்தனையாவது இடம் என்று பார்க்க முடியாமல் அந்த ஒன்பது பேரையும் தாண்டிப் போயிருந்தது. மீதி நாற்பத்தொன்பது பேரில் சரியாக மூவருக்கு மஞ்சள் பூசியது. மூன்று என்று கேட்டோம், மூன்று வந்தது. ஏன் சந்தேகம் வரப்போகிறது?

ஒன்பதையும் ஒவ்வொன்றாக எண்ணாக மாற்றி அடித்தேன். கடைசிக்குச் சற்று முன்னால் இருந்ததை மாற்றி என்டரைத் தட்டியதும் மஞ்சள் அசைந்தது. எண்பத்தெட்டு வெளுத்தது. நான் சற்றுமுன் அடித்த தொண்ணூற்றொன்று மஞ்சளாயிற்று. அதற்கு நேரே பெயரைப் பார்த்தேன். ஆரோக்கியசாமி.

இரண்டாவது இடம்.

சேமிக்கவா?

மேனேஜரிடம் போனேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஆர்டர் குடுத்தாச்சு. கோவிந்தராஜ் டூட்டியில சேந்தாச்சு. இப்பப் போயி அவன்கிட்ட திருப்பிக் குடுன்னு நீங்க கேப்பீங்களா?"

"இன்னொரு ஆர்டர் போட முடியாதா சார்?"

"மூனுதான் சேங்ஷன். வெளிய தெரிஞ்சா யூனியன்காரன் ஆலை கேட்ட இழுத்து மூடிருவான். மொதல்ல உங்க வேல போவும், அப்புறம் அந்தம்மா வேல, அப்புறம் என்னது. அடுத்த தடவ எடுக்கிறப்ப அந்த ஆள மொதல்ல வச்சுக்கலாம். போங்க."

இதை எழுத இத்தனை வருடம் ஆனதற்குக் காரணம் அடுத்த வரிதான். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன், முடிவு அவருடையது என்று ஒரு சமாதானம். கஸ்தூரியைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொன்று.

இடத்தில் வந்து உட்கார்ந்து கோப்பை மூடினேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று திரை கேட்டது. மூன்று பொத்தான்கள் இருந்தன. வேண்டாம் என்பதை அழுத்தினேன். ஆரோக்கியசாமி மறுபடி வெள்ளையானார்.

அன்றைய நாள்குறிப்பை இப்போது எடுத்துப் பார்த்தேன். "மழை இல்லை. மாலை பஸ் இருபது நிமிடம் தாமதம்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

எழுபது பக்கம்

மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆரோக்கியசாமி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பழைய சிமெண்டுக் காகிதச் சாக்கைப் பிரித்து, பழுப்புத் தாளில் கச்சிதமாக அட்டை போட்டிருந்தார். மூலைகள் மடித்த இடத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"என் மார்க்கு எவ்வளவு சார்?"

கேட்பார் என்று தெரியும். வாய்க்கு வந்த எண்ணைச் சொன்னேன்.

"எழுபது பக்கம் வந்திருக்கு."

"எழுவதா?" என்று சிரித்தார். "ஒன்னு ரெண்டுதான் விட்டிருப்பேன்னு நெனச்சனே."

"மெஷினுல போயிருக்கும்."

"மெஷினுல ஒன்னும் தப்பு பண்ணலிங்களே சார்."

நான் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"சரிங்க சார். கம்ப்யூட்டர் போட்டதுல்ல, தப்பா இருக்காது. நமக்குத்தான் கணக்கு பத்தல."

அவர் போன பிறகு வாசலில் அந்த இரண்டு வெள்ளைப் பாதங்கள் இருந்தன. நானே துணி எடுத்துத் துடைத்தேன்.

மேனேஜர் சொன்ன அடுத்த தடவை உண்மையிலேயே வந்தது. இரண்டு வருடம் போலக் கழித்து, நான்கு இடங்கள். விண்ணப்பப் படிவத்தை நானே எடுத்துக்கொண்டு பேக்கிங் பிரிவுக்குப் போனேன். ஆரோக்கியசாமி மூட்டையை இறக்கிவிட்டுத் தலைத் துண்டை உதறினார்.

"வேணாம் சார்."

"எழுதுங்க ஆரோக்கியசாமி. இந்தத் தடவ கெடைக்கும்."

"எல்லாத்தையும் எழுதுனேன்னு போன தடவ வூட்டுல பீத்திக்கிட்டேன் சார். எழுவதுன்னதும், பொய் சொல்லுறியான்னு கேட்டா. இன்னும் அதச் சொல்லிக் காட்டுறா. மறுபடி ஒருக்கா என்னால முடியாது."

தொண்ணூற்றொன்று என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மெஷின் சத்தத்தில் பக்கத்திலிருப்பவருக்குக்கூடக் கேட்டிருக்காது. படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். சில மாதத்தில் காண்டிராக்டர் மாறினார். புது காண்டிராக்டர் கொண்டுவந்த ஆட்கள் பட்டியலில் ஆரோக்கியசாமியின் பெயர் இல்லை.

பஸ் ஸ்டாண்டில்

அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகப் போகிறது என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த நாட்கள். நான் ஆலையை விட்டிருந்தேன். மேனேஜர் ஓய்வு பெற்று மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். கஸ்தூரியும் ஓய்வில் இருந்தார். வாயைத் திறந்தால் யாருடைய வேலையும் போகாது என்ற நிலை வந்து ஒரு வருடம் ஆகியும் நான் ஏலாக்குறிச்சிக்குப் பஸ் ஏறவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு லோடு ஆட்டோவிலிருந்து குரல் வந்தது.

"சார்! என்னா சார், ஆளே மெலிஞ்சிட்டீங்க?"

ஆரோக்கியசாமிதான். சொந்த வண்டி இல்லை, ஒருவரிடம் ஓட்டுகிறார். சந்தைக்கு வெங்காயம் ஏற்றி வந்திருந்தார். கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டு விஷயம் பேசிக்கொண்டிருந்தவர் சாதாரணமாகச் சொன்னார்:

"பொண்ணு பன்னெண்டாவது சார். நர்சிங்குக்கு எதோ பரீச்ச எழுதணுங்குறா. அதெல்லாம் வேணாம்னுட்டேன். எங்க குடும்பத்துக்குப் பரீச்ச ஒத்து வராது."

தம்ளரைப் பலகையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஆரோக்கியசாமி, உங்க மார்க்கு எழுபது இல்ல. தொண்ணூத்தொன்னு."

சின்ன எல், மஞ்சள், நாற்பத்தொன்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அவர் கேட்டது வேறு.

"உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"ஆர்டர் குடுத்து பத்து நாள்ல."

"நான் புஸ்தகம் குடுக்க வந்தனே, அப்ப?"

"தெரியும்."

"ஃபாரம் எடுத்துக்கிட்டு வந்தீங்களே?"

"தெரியும்."

ஆட்டோவின் முன்சக்கரத்தைக் காலால் ஒருமுறை உதைத்தார். காற்று இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

"உங்களப் பத்தி எங்க போனாலும் நல்லவருன்னு சொல்லிக்கிட்டிருந்தேன் சார்," என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. பிறகு சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஓர் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் எடுத்ததும், "சகாயம், ஆலை ஆபீஸ் சார் பேசுறாங்க, கேளு," என்று போனை என் கையில் திணித்தார். "நீங்களே சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டா."

அவர் மனைவியை நான் பார்த்ததுகூட இல்லை. பஸ் ஹாரன்களுக்கு நடுவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குத் தொண்ணூற்றொன்று வாங்கினார், இரண்டாவது இடம், தப்பு எங்களுடையது, அதை மறைத்தவன் நான்.

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"அவுரு அன்னிக்கே சொன்னாரு சார்," என்றது குரல். "எல்லாத்தையும் எழுதுனேன்னு மாதா மேல சத்தியம் பண்ணுனாரு. நாந்தான் நம்பல."

ஹாரன் சத்தத்துக்கு விலகி ஆட்டோவின் மறுபக்கம் போனேன்.

"மார்க்கு போட்ட தாளு எதாச்சும் இருக்குங்களா சார்? பொண்ணுகிட்ட காட்டணும்."

கையால் எழுதிய தாள்கள் என்றோ பழைய பேப்பருக்குப் போயிருக்கும். அச்சடித்த தாள் ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். தொண்ணூற்றொன்று, அதற்கு நேரே ஆரோக்கியசாமி, கட்டம் முழுக்க மஞ்சள். ஒரு மத்தியானத்தில் கொஞ்ச நேரம் மட்டும் அது என் திரையில் இருந்தது.

"தாள் இல்லம்மா," என்றேன்.

"பரவால்லிங்க," என்றார் அந்தம்மா. "நீங்க சொன்னீங்கள்ல. அது போதும்."